நாற்பத்து மூன்றாவது பிராது

முனீஸ்வரர் துணை
மரக்காணம்
7.3.2025, வெள்ளி

அன்புத் தங்கச்சி கலைமதிக்கு அக்கா அம்சவல்லி எழுதுவது. இங்கே நானும் உங்க மாமாவும் நல்லா இருக்கிறோம். அங்கே உன் உடம்பு, உன் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் உடம்பு எப்படி? ஓசூர் தண்ணி ஒத்துக்காம இலக்கியாவுக்குச் சளி புடிச்சுதுன்னு சொன்னியே, விட்டுதா? சுக்கும் பனைவெல்லமும் போட்டுக் கொடு.

தபால்ல லெட்டரைப் பார்த்ததும் நீ சிரிப்பே. வீட்டுல இருக்கிறது ஒரே போன். அது காலையில உங்க மாமா சட்டைப்பையில ஏறி உப்பளத்துக்குப் போயிடுது. சாயங்காலம் பேசலாம்னா பக்கத்து வீட்டு பாப்பாத்தி டிவி சத்தத்தையே குறைச்சு வெச்சிக்கறா. நான் சொல்றது ஒருத்திக்கு, கேக்கறது நாலு பேருன்னா எனக்கு வாய் வராது. அதனால இனிமே லெட்டர்தான். நீயும் லெட்டரே போடு.

ஒண்ணு கேக்கணும். பாப்பாத்தி பொண்ணு போன்ல உன் தொடர்கதையைப் படிச்சுக் காட்டினா. அந்தக் கதையில வர்ற பொண்ணு இருபதாவது வாரம் புருஷன் வீட்டை விட்டுப் பெட்டியோட கிளம்பினா. இருபத்தோராவது வாரம் அவளே திரும்பி வந்து காபி போடறா. ஏன்டி? அவ வந்திருக்க மாட்டாளே. இருபது வாரமா அவளைப் படிச்ச எனக்கே தெரியுது, எழுதின உனக்குத் தெரியாதா?

போன தடவை போன்ல, பிராதுன்னா என்னதான் எழுதறேன்னு கேட்டே. உப்பளத்துக் கரையில இருக்கிற முனீஸ்வரன் கோயிலை நீ சின்ன வயசுல பார்த்ததுதான். மனசுல குறை இருக்கிறவங்க அதைக் காகிதத்துல எழுதி, சுருட்டி, மஞ்சள் நூல் சுத்தி, சூலத்துல கட்டுவாங்க. அதான் பிராது. மூணு மாசத்துல சாமி கேட்டுடுவார். கேட்டுட்டா போய் அவிழ்த்துத் திருப்பி வாங்கிக்கணும். எழுதத் தெரியாத பொம்பளைங்க என்கிட்ட வர்றாங்க. அவங்க சொல்லச் சொல்ல எழுதுவேன். கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுவேன். "ஆமா, இதான் நடந்தது"ன்னு அவங்க சொல்லணும். சொல்லலைன்னா கிழிச்சிட்டு மறுபடி எழுதுவேன். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு நோட்டுல ஒரு நகல் வெச்சிருக்கேன். எது கேட்டுது, எது கேக்கலைன்னு எனக்குத் தெரியணும் இல்ல? இதுவரைக்கும் நாற்பத்தி ரெண்டு.

உங்க மாமாவோட உப்பளத்துல வேலை செஞ்ச முருகையன் போய்ச் சேர்ந்துட்டான். ரெண்டு வாரம் ஆச்சு. அவன் சம்சாரம் பாஞ்சாலை நாளைக்கு எழுத வர்றேன்னு சொல்லியிருக்கா.

குழந்தைக்கு என் முத்தம்.
அக்கா அம்சவல்லி


ஓசூர்
15.3.2025

அன்பு அக்காவுக்கு, கலைமதி. நாங்க மூணு பேரும் நலம். சளி போயிடுச்சு, இப்போ இருமல் வந்து உக்காந்திருக்கு. உன் மூட்டு வலி தேவலாமா? எண்ணெய் தேய்க்கிறியா, இல்லை சாமிக்கு விளக்குப் போட்டே தீர்ந்துடும்னு விட்டுட்டியா?

லெட்டர் பார்த்துச் சிரிக்கலை, போ. ரெண்டு தடவை படிச்சேன்.

என் கதைக்கு வர்றேன். அந்தப் பொண்ணு பெட்டியோட கிளம்பின வாரம் ஆப்ல நானூறு கமெண்ட். முக்கால்வாசிப் பேர், "ப்ளீஸ், அவங்களைச் சேர்த்து வைங்க, எங்க வீட்டுலதான் நிம்மதி இல்லை, கதையிலயாவது இருக்கட்டும்"னு கேட்டிருந்தாங்க. பதினோராயிரம் பேர் படிக்கிற கதை அக்கா இது. ராத்திரி பாத்திரம் தேய்ச்சு முடிச்சிட்டு வந்து படிக்கறவங்க. அவங்க மனசை நெனைக்காம நான் மட்டும் என் இஷ்டத்துக்கு எழுதினா அதுக்குப் பேர் திமிர். படிக்கறவங்க யாருன்னு தெரிஞ்சு எழுதறதுதான் எழுத்து. மத்ததெல்லாம் புலம்பல்.

நீயும் அதைத்தான் பண்ற. உன் வாசகர் முனீஸ்வரன். அவ்ளோதான் வித்தியாசம். எனக்குப் பதினோராயிரம், உனக்கு ஒருத்தர்.

அந்த நோட்டை எனக்கு அனுப்பேன். பேரெல்லாம் மாத்திட்டு வாரம் ஒண்ணு போடலாம். கூட்டம் அள்ளிக்கிட்டுப் போகும்.

முருகையன் அண்ணன் விஷயம் மாமா அன்னிக்கே போன்ல சொன்னார். வீட்டுப் படியில வழுக்கி விழுந்துட்டாராமே. பாவம், பாஞ்சாலை அக்கா. மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

கலைமதி


முனீஸ்வரர் துணை
மரக்காணம்
28.3.2025, வெள்ளி

அன்புத் தங்கச்சிக்கு. நான் நல்லா இருக்கேன். மூட்டு அப்படியேதான் இருக்குது. எண்ணெயும் தேய்க்கிறேன், விளக்கும் போடறேன், எது முந்துதுன்னு பார்க்கலாம். இலக்கியா இருமலுக்குத் தூதுவளை கொடு.

நோட்டை அனுப்ப மாட்டேன். அது உங்க ஜனங்க படிக்கறதுக்கு எழுதினது இல்லை.

சாமி என் வாசகர்னு எழுதியிருந்தே. ரெண்டு நாள் அதையே நெனச்சிக்கிட்டுப் பத்துப்பாத்திரம் தேய்ச்சேன். நீ சொல்றது தப்பு. உன் பதினோராயிரம் பேருக்கு அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு தெரியாது. அதனால நீ எப்படி வேணா திருப்பலாம். சாமிக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். அவரை அழ வைக்க முடியாது, ஏமாத்த முடியாது, சுவாரசியம் காட்ட முடியாது. அதனால அவருக்கு எழுதும்போது நடந்ததைத் தவிர வேற எதுவும் எழுத வராது. தெரிஞ்சவருக்கு எதுக்கு எழுதணும்னு கேப்பே. எழுதி வாசிச்சதும் பொம்பளைங்க முகத்தை நீ பார்த்ததில்லை. தனக்கு நடந்தது நடந்ததுதான்னு அன்னிக்குத்தான் அவளுக்கே உறுதியாகுது.

பாஞ்சாலைக்கு எழுதினதை உனக்கு மட்டும் காட்டறேன். நாற்பத்தி மூணாவது:

"உப்பளத்து முனீஸ்வரன் சமூகத்துக்கு முருகையன் சம்சாரம் பாஞ்சாலை கட்டிக்கொள்ளும் பிராது. மாசி மாசம் ஏழாம் தேதி காலையில் போன வருஷத்து உப்பை மூட்டை பிடித்து லாரியில் ஏற்றினோம். என் வீட்டுக்காரர் மேல் அடுக்கிலிருந்து விழுந்தார். தலை கீழே பட்டது. தண்ணி கேட்டார். கொண்டு வருவதற்குள் போய்விட்டார். வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்குப் படி கிடையாது. வாசலும் தரையும் ஒரே மட்டம். மழை பெய்தால் தண்ணி உள்ளே வருகிறது. படி இருந்தால் வராது. நான் கூடவே நின்று பார்த்தேன். நான் சொன்னதை போலீஸ் ஸ்டேஷனில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. படியில் விழுந்ததைப் பார்த்தேன் என்று சொன்னவர் பேரை எழுதிக்கொண்டார்கள். அவர் ————. உப்பளம் தெய்வசிகாமணி ஐயாவுடையது. நீ கேள்."

கோடு போட்ட இடத்துல ஒரு பேர் இருக்குது. அது சாமிக்கு எழுதினதுல இருக்குது, உனக்கு வேண்டாம்.

வாசிச்சு முடிச்சதும் பாஞ்சாலை, "ஆமா, இதான் நடந்தது"ன்னா. ரெண்டு பேருமா போய்க் கட்டிட்டு வந்தோம்.

உடம்பைப் பார்த்துக்கோ.
அம்சவல்லி


ஓசூர்
5.4.2025

அக்கா, நலம்தானே? இங்கே எல்லாரும் நலம்.

நாற்பத்தி மூணாவதைப் படிச்சேன். "படி இருந்தால் வராது." இந்த மாதிரி ஒரு வரி எனக்கு ஜென்மத்துல எழுத வராது. ஆனா ஒண்ணு சொல்றேன், கோபிச்சுக்காதே. இதை நான் எழுதினா அவர் தண்ணி கேட்ட இடத்துலேருந்து ஆரம்பிப்பேன். படிக்கற ஒருத்தர் கண்ணும் காயாது.

இன்னொண்ணும் சொல்லணும். சாமிக்கு எழுதினதுல இருக்கிற பேரு எனக்கு எழுதினதுல இல்லை. ஏன்? நான் படிக்கப்போறேன்னு யோசிச்சே. யோசிச்சு ஒரு கோடு போட்டே. அப்போ நீயும் படிக்கறவங்களைப் பார்த்துத்தான் எழுதறே. என்னை மட்டும் ஏன் குத்தம் சொல்றே?

எனக்கு இன்னொரு பயம். சூலம் வெட்டவெளியில இருக்கு. தெய்வசிகாமணி ஐயாதான் அந்தக் கோயிலுக்கும் தர்மகர்த்தா. யாராவது பிரிச்சுப் படிச்சா?

மாமா உப்பளத்துல அவர்கிட்ட பதினாறு வருஷமா மேஸ்திரியா இருக்கார், அதை ஞாபகம் வெச்சுக்கோ. இந்த லெட்டர்ல மாமாவைப் பத்தி நீ எதுவுமே எழுதலை. வேலை மும்முரமா?

கலைமதி


முனீஸ்வரர் துணை
மரக்காணம்
2.5.2025, வெள்ளி

அன்புத் தங்கச்சிக்கு. குழந்தைக்கு லீவு விட்டிருப்பாங்க. வெயில்ல விடாதே. நான் இருக்கேன்.

நீ பயந்தது நடந்துடுச்சு.

போன வாரம் பாத்தியில உப்பு வாரிக்கிட்டிருந்தாங்க. தெய்வசிகாமணி ஐயா குடை புடிச்சிக்கிட்டு வரப்பு மேல வந்தார். பாஞ்சாலைக்கு நேரா நின்னார். எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "என்னம்மா, உன் வீட்டுக்குப் படியே கிடையாதாமே? மழைத் தண்ணி உள்ள வருதாமே? சொல்லியிருந்தா ரெண்டு படி கட்டிக் கொடுத்திருப்பேனே"ன்னார். கூட வந்தவங்க சிரிச்சாங்க. பொம்பளைங்க யாரும் சிரிக்கலை. வாரற பலகையைக் கீழ போட்டுட்டு நின்னுட்டாங்க. அந்த வார்த்தை என் வீட்டுக்குள்ள பாஞ்சாலை வாயிலேருந்து என் காதுக்கு வந்தது. அங்கேருந்து காகிதத்துக்குப் போச்சு. காகிதத்துலேருந்து சூலத்துக்கு. வேற எங்கேயும் அது போகலை.

அன்னியிலேருந்து பாஞ்சாலைக்கு வேலை கிடையாது.

அப்புறம்தான் பூசாரி வாயைத் திறந்தார். வருஷக்கணக்கா ஒவ்வொரு அமாவாசைக்கும் ஐயா எல்லாத்தையும் பிரிச்சுப் படிச்சிட்டு, சுருட்டித் திரும்பக் கட்டச் சொல்றாராம். நாற்பத்தி மூணும் படிச்சிருக்கார். யார் வீட்டுல சண்டை, யாருக்குக் குழந்தை நிக்கலை, எவ மேல எவனுக்குக் கண்ணு, எல்லாம் அவருக்குத் தெரியும். பாப்பாத்தி ரெண்டு நாள் வீட்டை விட்டு வெளியில வரலை. அவ என்ன எழுதியிருந்தாள்னு எனக்கும் அவளுக்கும் சாமிக்கும் மட்டும் தெரியும்னு நெனச்சிருந்தா.

பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வந்து அவிழ்த்து எடுத்துக்கிட்டுப் போறாங்க. என் மேல யாருக்கும் கோபம் இல்லை. ஆனா யாரும் என் முகத்தைப் பார்க்கலை.

பாஞ்சாலை மட்டும் அவிழ்க்கலை.

ஐயா உங்க மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். போயிட்டு வந்தார்.

வேற விசேஷம் இல்லை.
அம்சவல்லி


ஓசூர்
10.5.2025

அக்கா, உடம்புக்கு எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன்னு எழுத மனசு வரலை. ஆனா நல்லாத்தான் இருக்கேன்.

மாமாவைக் கூப்பிட்டு என்ன கேட்டாங்க? வந்து உன்கிட்ட என்ன சொன்னார்? "போயிட்டு வந்தார்"னு எழுதினா என்ன அர்த்தம்?

நேராவே கேக்கறேன். கோடு போட்ட இடத்துல இருக்கிறது மாமா பேர்தானே? அன்னிக்கு எனக்குப் போன் பண்ணி, நான் கேக்காமலே "வீட்டுப் படியில விழுந்தான்"னு ரெண்டு தடவை சொன்னார். அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

இனிமே கொஞ்சம் யோசிச்சு எழுது. படிக்கறவன் யாருன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. பேர் வேண்டாம், இடம் வேண்டாம். "எனக்கு ஒரு குறை, தீர்த்து வை"ன்னு எழுதினாப் போதும். சாமிக்குத்தான் எல்லாம் தெரியும்னு நீயே சொன்னே. அப்போ பேர் எழுதலைன்னா என்ன குறைஞ்சிடும்? பொம்பளைங்களும் பயமில்லாம வருவாங்க.

உடனே பதில் போடு.
கலைமதி


ஓசூர்
20.6.2025

அக்கா,
ஆறு வாரம் ஆச்சு. போன் பண்ணினா மாமா எடுக்கறார். "உங்க அக்கா பூஜையில இருக்கா"ன்னு சொல்றார். நான் எப்போ பண்ணினாலும் நீ பூஜையிலயா இருக்கே?

நலமா இருக்கியான்னு ஒரு வரி எழுது. கார்டு போதும்.
கலைமதி


முனீஸ்வரர் துணை
மரக்காணம்
13.7.2025, ஞாயிறு

அன்புத் தங்கச்சிக்கு. உன்னைத் தவிக்க விட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதே. நான் திடமா இருக்கேன். இலக்கியா புது வகுப்புக்குப் போறாளா? அழறாளா?

இன்னிக்குக் கோயில்ல நடந்ததைச் சொல்றேன், அப்புறம் நீ கேட்டதுக்கு வர்றேன்.

தெய்வசிகாமணி ஐயா எல்லாரையும் கூட்டினார். "ஆளாளுக்கு எழுதிக் கட்டி சூலத்துல குப்பை சேருது. இனிமே அச்சடிச்ச படிவம். பூர்த்தி பண்ணி இந்தப் பெட்டியில போடுங்க. பூட்டு இருக்குது, சாவி என்கிட்ட பத்திரமா இருக்கும்"னார். படிவத்துல மேல முனீஸ்வரன் படம். பக்கத்துல அவர் படம், சாமியைவிட ஒரு விரல் பெரிசு. கீழ நாலு கட்டம்: திருமணம், குழந்தைப்பேறு, உடல்நலம், உத்தியோகம். எது வேணுமோ அதுல டிக் அடிக்கணும். அவ்வளவுதான்.

பாஞ்சாலை எழுந்து நின்னா. "ஐயா, பொய்ச் சாட்சிக்கு எந்தக் கட்டங்க?"ன்னு கேட்டா.

பாப்பாத்தி உக்காந்த இடத்துலேருந்தே, "உத்தியோகத்துல அடிடி. அதை ஒரு உத்தியோகமாத்தானே செய்யறாங்க"ன்னா. ரெண்டு மாசமா தலை குனிஞ்சிக்கிட்டிருந்தவ. கூட்டத்துல கொல்லுனு சிரிப்பு.

ஐயா என் பக்கம் திரும்பினார். அவர் கோபமா பேசலை. அதான் எனக்கு எரிச்சல். "உனக்கு நல்லா எழுத வருதும்மா. அஞ்சாவது படிச்சிட்டு இவ்வளவு எழுதறது பெரிய விஷயம். ஆனா எழுதறவங்க படிக்கறவங்க மனசு நோகாம எழுதணும்"னார்.

"படிக்கறவரு முனீஸ்வரன்னு நெனச்சு எழுதிட்டேங்க. நீங்கன்னு எனக்குத் தெரியாது"ன்னேன்.

படிவத்தை வரிசையாக் கொடுத்துக்கிட்டு வந்தது உங்க மாமா. என்கிட்ட வந்ததும் கையைப் பின்னால இழுத்துக்கிட்டார். நானே ஒண்ணை உருவி எடுத்துக்கிட்டேன்.

ஆமா கலைமதி. கோடு போட்ட இடத்துல இருக்கிறது உங்க மாமா பேர்தான், கன்னியப்பன். லாரியிலேருந்து முருகையன் விழுந்தப்போ ஓடிப்போய் மடியில தலையைத் தூக்கி வெச்சது உங்க மாமா. சாயங்காலம் ஸ்டேஷன்ல, வீட்டுப் படியில விழுந்ததைப் பார்த்தேன்னு எழுதிக் கொடுத்ததும் உங்க மாமா. அன்னிக்கு ரத்தக் கறையோட வந்த வேட்டியை நான்தான் துவைச்சேன். என்கிட்டயும் படின்னுதான் சொன்னார். நான் நம்பினேன். பாஞ்சாலை என் எதிர்ல உக்காந்து அந்தப் பேரைச் சொன்னப்போ என் பேனா நின்னுது. அவளும் நின்னா. "எழுதறியா அக்கா, இல்லை நான் வேற ஆளைப் பார்க்கட்டுமா"ன்னு கேட்டா. எழுதினேன்.

சாமிக்கு எழுதின கை உனக்கு எழுதும்போது கோடு போட்டுது. நீ சொன்னதுதான் சரி. நீ என்ன நெனைப்பியோன்னு பார்த்தேன். பார்த்ததும் ஒரு பேர் காணாமப் போச்சு. ஸ்டேஷன்ல உங்க மாமாவும் இதைத்தானே செஞ்சார்? எதிர்ல இருக்கிறவங்களுக்கு எது வேணும்னு பார்த்தார், எழுதிக் கொடுத்தார். ஒரு கோட்டுல நானும் அவரும் ஒண்ணாயிட்டோம். எனக்கு அது ரெண்டு மாசமா உறுத்துது. அதான் பதில் எழுத வரலை.

பேர் இல்லாம எழுதச் சொன்னே. சாமிக்குப் பேர் தெரியும்தான். பாஞ்சாலைக்கு அந்தப் பேரைச் சொல்லணும். சொல்லத்தான் வந்தா. அதை எடுத்துட்டா அவ வந்ததே இல்லைன்னு ஆயிடும்.

வீட்டுல பேச்சு கிடையாது. சோறு போடறேன். சாப்பிடறார்.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்லு.
அம்சவல்லி


ஓசூர்
22.7.2025

அக்கா,
எல்லாரும் நலம். நீ நலமான்னு கேக்க மாட்டேன். தெரியுது.

நான் எழுதறது உனக்குப் பிடிக்காது. அப்பா போனப்புறம் நான் பிளஸ் டூவோட நின்னிருப்பேன். காலேஜுக்கு அனுப்பினது மாமா. பஸ் பாஸ் வாங்க வரிசையில நின்னது மாமா. எனக்கு ஹால் டிக்கெட் தொலைஞ்சப்போ சைக்கிள்ல திண்டிவனம் வரைக்கும் போயிட்டு வந்தது மாமா. இதெல்லாம் உன் நோட்டுல நம்பர் போட்டு எழுதியிருக்கியா?

அவர் செஞ்சது தப்பு. நான் இல்லைன்னு சொல்லலை. நஷ்ட ஈடு கொடுக்காம தப்பிக்க ஐயா பொய் சொல்லச் சொன்னப்போ, எதிர்ல நின்னு முடியாதுன்னு சொல்ல அவரால முடியலை. பதினாறு வருஷம் தலையாட்டின தலை. உனக்கு முடியுது, ஏன்னா நீ சாமியைத் தவிர யாருக்கும் பயப்படறதில்லை. எல்லாருக்கும் அது வராது.

ஒரே ஒரு பேர் அக்கா. அதை மட்டும் எடுத்துடு. பாஞ்சாலை அக்கா கதை அப்படியே இருக்கட்டும், ஐயா பேர் இருக்கட்டும், படி இருக்கட்டும். மாமா பேரை எடுத்துடு. எனக்காகக் கேக்கறேன். என்னை மனசுல வெச்சுக்கிட்டு எழுது, இந்த ஒரு தடவை.

கலைமதி


முனீஸ்வரர் துணை
மரக்காணம்
10.8.2025, ஞாயிறு

என் தங்கச்சி கலைமதிக்கு அக்கா எழுதுவது. உன் லெட்டரைச் சாமி படத்துக்கு முன்னாடி வெச்சேன். மூணு நாள் அங்கேயே இருந்தது.

நீ எழுதினது எல்லாம் உண்மை. திண்டிவனம் போன சைக்கிளும் உண்மை, ஸ்டேஷனும் உண்மை. நான் ஒண்ணுக்காக இன்னொண்ணை அழிக்க மாட்டேன். உனக்காகவும் மாட்டேன். உன்மேல எனக்கு எவ்வளவு பாசம்னு உனக்குத் தெரியும், ஆனா எழுதும்போது நீ என் தோள்மேல ஏறி உக்காந்தா எனக்குக் கை ஓடாது. இறங்கிக்கோ.

வெள்ளிக்கிழமை கோயில்ல ஆடிக் கூழ். காலையிலயே பாஞ்சாலை வந்தா, கூட பாப்பாத்தி, இன்னும் ஆறேழு பேர். எல்லார் கையிலயும் ஐயா கொடுத்த படிவம். "எழுதிக் கொடு அக்கா"ன்னாங்க. "கட்டத்துல டிக் அடிக்க நான் எதுக்கு"ன்னேன். பாப்பாத்தி படிவத்தைத் திருப்பிக் காட்டினா. பின்பக்கம் வெள்ளை. ஐயா ஒரு பக்கம்தான் அச்சடிச்சிருக்கார்.

பின்பக்கத்துலதான் எழுதினேன். பாஞ்சாலையோடதை நோட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதினேன். அவர் படிக்கறார்னு தெரிஞ்சதும் எனக்கு இன்னும் நாலு வார்த்தை காரமாப் போடணும்னு கை துடிச்சுது. போடலை. பயந்து எடுக்கறதும் ரோஷத்துல சேர்க்கறதும் ஒண்ணுதான், ரெண்டுலயும் அவரைப் பார்த்துத்தான் எழுதறோம்னு தோணுச்சு. ஒண்ணு மட்டும் செஞ்சேன். வழக்கமா அவங்க காதுக்கு மட்டும் வாசிச்சுக் காட்டறதைச் சூலத்துக்கு முன்னாடி நின்னு வாசிச்சேன். அமாவாசை வரைக்கும் காத்திருந்து ஒருத்தர் மட்டும் பிரிச்சுப் படிக்கறதுக்குப் பதிலா, எல்லாருக்குமே கேக்கட்டும்.

நல்ல கூட்டம். என் குரல் முதல்ல நடுங்குச்சு. "என் வீட்டுக்குப் படி கிடையாது"ன்னு வந்ததும் பின்னால யாரோ, "கிடையாது, கிடையாது"ன்னாங்க. அப்புறம் நடுங்கலை. பேர் வந்தது. வாசிச்சேன். "அவர் கன்னியப்பன்." கூழ்ப் பானை பக்கத்துல நின்னு ஊத்திக்கிட்டிருந்தவர் உங்க மாமாதான். எதிர்ல ஒரு அம்மா சொம்பை நீட்டிக்கிட்டு நிக்கறா. சொம்பு நிறைஞ்சு வழியுது, அவர் ஊத்திக்கிட்டே இருக்கார்.

ஐயா எழுந்தார். "ஏம்மா, கோயில்ல வாசிக்கற விஷயமா இது?"

பாஞ்சாலை கேட்டா, "அப்போ எங்கங்க வாசிக்கறது? இடத்தைச் சொல்லுங்க, அங்க வர்றோம்."

ஐயா வண்டியில ஏறிப் போயிட்டார். நாங்க எட்டுப் பிராதையும் சூலத்துல கட்டிட்டு, கூழ் குடிச்சிட்டு வந்தோம்.

உங்க மாமா ரெண்டு நாளா வீட்டுக்கு வரலை. உப்பளத்துக் கொட்டகையில படுத்துக்கிட்டாராம். நான் ஆள் அனுப்பலை.

இன்னிக்குக் காலையில பத்து மணி இருக்கும், வந்தார். குளிச்சிருந்தார். நான் பருப்பு புடைச்சிக்கிட்டிருந்தேன். உள்ள போய் நாற்காலியில உக்காருவார்னு பார்த்தா, எழுத வர்ற பொம்பளைங்க உக்காருவாங்களே, எனக்கு எதிர்ல அந்தத் தரையில வந்து சம்மணம் போட்டு உக்காந்தார்.

"எனக்கும் ஒண்ணு எழுதணும்"னார்.

முறத்தை ஓரமா வெச்சேன். நோட்டை எடுத்தேன். ஐம்பத்தி ரெண்டுன்னு நம்பர் போட்டேன்.

"சொல்லுங்க."

"மாசி ஏழாம் தேதி முருகையன் தவறி விழுந்துட்டான்."

பேனாவைக் கீழ வெச்சேன். "எங்கேருந்துங்க?"

சுவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பாப்பாத்தி வீட்டு டிவி ஓடிக்கிட்டிருந்தது, பாதியில சத்தம் குறைஞ்சுது. அவருக்கும் அது தெரிஞ்சது. எழுந்து போயிடுவார்னு நெனச்சேன்.

"லாரியிலேருந்து."

எழுதினேன்.

"பக்கத்துல யார் இருந்தது?"

"நான் இருந்தேன். பாஞ்சாலை இருந்தா. தண்ணி கேட்டான். நான்தான் குடம் எங்கேன்னு தேடினேன்."

அதையும் எழுதினேன்.  நெத்தி வேர்வையைத் துடைச்சிக்கிட்டார். "இதை யாருக்கு எழுதறே?"ன்னு கேட்டார். "சாமிக்கா, ஸ்டேஷனுக்கா, இல்லை அந்தப் பொம்பளை கையில கொடுக்கறதுக்கா? அதைச் சொல்லு, அதுக்குத் தகுந்த மாதிரி சொல்றேன்."

"தகுந்த மாதிரி வேண்டாங்க"ன்னேன். "நடந்த மாதிரி சொல்லுங்க. யாருக்குங்கறதை எழுதி முடிச்சப்புறம் பார்த்துக்கலாம்."

முகம் கழுவிக்கிட்டு வர்றேன்னு பின்பக்கம் போயிருக்கார். கூழ் அன்னிக்கு நடந்ததைக் காலையிலயே எழுதிட்டேன், அவர் வந்த பிறகு நடந்ததை மட்டும் இந்த நேரத்துல உனக்கு எழுதறேன். ஸ்டேஷன் வரைக்கும் இன்னும் போகலை, பாதிப் பக்கம்தான் ஆகியிருக்குது. திரும்பி வந்து உக்காருவாரா, பின்பக்கமாவே போயிடுவாரான்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் எழுதறேன்.

தொட்டித் தண்ணி சத்தம் நின்னுடுச்சு. மாமா செருப்பு சத்தம் கேக்குது. வர்றார். லெட்டரை மூடறேன், மீதியைக் கேக்கணும்.

அம்சவல்லி